அண்ணன் ஓட்டிய படகு உன் கைக்கு வருகிறது

தினேஷு,

இதை உன் பையில், துவைத்து மடித்த லுங்கிகளுக்கு நடுவில் வைக்கிறேன். சென்னையில் உனக்குப் பயிற்சி முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் எப்போதாவது பையைத் துழாவும்போது கைக்கு அகப்படும். நீ வீட்டில் இருந்த இரண்டு நாளும் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததுமே "இன்னாமா, திரும்பவும் அதே பேச்சா?" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய். உன்மேல் கோபம் இல்லை. ஒரு வருஷமாக நம் வீட்டில் வேறு பேச்சே கிடையாது, எந்தப் பிள்ளைதான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்? ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குப் பொறுக்காது. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

அடுத்த திங்கட்கிழமை நீ நம் ஊர் மீட்பு நிலையத்தில் வேலைக்குச் சேரப்போகிறாய். உன் அண்ணன் பாஸ்கர் செத்ததற்காகக் கருணை அடிப்படையில் கொடுத்த வேலை. அவன் ஓட்டிய அதே படகைத்தான் உன்னிடம் கொடுக்கப்போகிறார்கள். அந்த நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலையில்தான் நான் இன்னும் இருக்கிறேன், அதனால் எனக்கு முன்கூட்டியே தெரியும். மழை முடிந்துவிட்டது. நீ சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, படகை அடுத்த மழை வரைக்கும் பத்திரமாக எடுத்து வைப்பது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும் என்று நினைக்கிறேன்.

மலைக்கோயில் ஊருக்குப் படகு எதற்கு என்று, அது லாரியில் வந்து இறங்கிய அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. நீ அப்போது காலேஜில் இருந்தாய். வருஷத்தில் பாதிக்கு மேல் கொசஸ்தலை ஆற்றில் மணல்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆந்திரா பக்கம் மழை பிடித்து அங்கே அணையைத் திறந்தால்தான் நமக்கு ஆறு என்று ஒன்று இருப்பதே தெரியும். பள்ளிப்பட்டைச் சுற்றித் தரைப்பாலம் ஒவ்வொன்றாக முழுகும். அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவரத்தான் அந்தப் படகு. எங்கோ கடற்கரைப் பக்கம் உல்லாசப் படகாக ஓடிப் பழசானதை நமக்கு அனுப்பியிருந்தார்கள். மற்ற ஊர்களில் இருப்பது போல மோட்டாரைக் கழற்றித் தோளில் தூக்கிப் போகிற சாதி அல்ல அது. என்ஜின் படகுக்குள்ளே இருக்கும். பின்பக்கம் வெளியே ஒரு கால் மாதிரித் தொங்கும், அதன் நுனியில்தான் விசிறி. ஸ்டெர்ன் டிரைவ் என்று அதற்குப் பேர். பாஸ்கர் அதைக் கால் என்றுதான் சொல்லுவான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அந்தக் காலுக்கு வேலை செய்ய உட்காருவான். எனக்கும் அன்றைக்கு அங்கே வேலை இருக்கும்படி எதையாவது சொல்லிக்கொண்டு போய்விடுவேன். வீட்டில் அவன் பேசுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். படகுப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வாய் ஓயாது. பனியில் கை விறைக்க விறைக்க முதலில் அதை நல்ல தண்ணீரில் கழுவுவான். காலின் இரண்டு பக்கமும் தண்ணீர் இழுக்கிற ஓட்டைகள் உண்டு. அவற்றின்மேல் காதை மூடுகிற மாதிரி இரண்டு ரப்பர் மூடிகளை மாட்டி, அதில் ஓஸ் பைப்பைச் சொருகி, தண்ணீரைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவான். ஆற்றுச் சேறெல்லாம் பழுப்பாக வெளியே வந்து, கடைசியில் தெளிந்த தண்ணீர் வரும்.

"இன்னாடா, கொழந்தைய குளிப்பாட்றாப்பல குளிப்பாட்டிகினு கீற?" என்று ஒருதரம் கேட்டேன்.

"சேறு உள்ளயே காஞ்சிதுன்னா கல்லாட்டம் ஆயிடும்மா. அப்பறம் மழையில தண்ணி ஓடாது, என்ஜின் சூடாயி நின்னுபூடும். நடு ஆத்துல நின்னா இன்னா பண்றது?" என்றான்.

அவன் வாயால்தான் சொன்னான் தினேஷு. நடு ஆற்றில் நின்றால் என்ன செய்வது என்று.

அப்புறம் ஆயில். காலின் அடியில் ஒரு திருகு, மேலே ஒரு திருகு. கீழே டப்பாவை வைத்துக்கொண்டு அடித்திருகைத் திறந்து, பிறகு மேல்திருகைத் திறந்தால் பழைய ஆயில் மொத்தமும் இறங்கும். டப்பாவைப் பிடிப்பது என் வேலை. ஆயில் கருத்திருந்தால் பரவாயில்லை. பால் ஊற்றின டீ மாதிரி வந்தால் எங்கோ தண்ணீரைத் தடுக்கிற சீல் போய், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை அப்படியே விட்டால் உள்ளே இருக்கிற பல்சக்கரம் எல்லாம் துருப்பிடிக்கும். புது ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும், மேல்திருகு வழியாக வழிகிற வரைக்கும். முதலில் மேல்திருகை மூடு, பிறகு அடித்திருகை. மாற்றி மூடினால் ஏற்றின ஆயில் உன் கால்மேல் கொட்டும். முதல் வருஷம் அவன் கால்மேல் கொட்டியது. விசிறியைக் கழற்றிவிட்டு, அந்த இரும்புத் தண்டில் மீன் வலை நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். தலைமுடி மாதிரி மெல்லிசாக இருக்கும், அதுதான் சீலை அறுப்பது. கிரீஸ் பூசி விசிறியைத் திரும்ப மாட்டு. என்ஜினில் நிற்கிற தண்ணீரையும் வடித்துவிடு. பேட்டரியைக் கழற்றி உள்ளே வை.

எல்லாவற்றையும்விட, காலை எப்போதும் கீழே இறக்கியே வை. தூக்கி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், தரையில் இடிக்காது. அதனால் எல்லோரும் தூக்கித்தான் வைப்பார்கள். காலும் படகும் சேருகிற இடத்தில் ரப்பர் துருத்தி ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் தூக்கியே வைத்தால் அது மடிந்த இடத்தில் வெடித்துப் போகும். வெடித்தால் அது வழியாகப் படகுக்குள் தண்ணீர் வரும். இன்னொன்று, தண்ணீர் இழுக்கிற பம்புக்குள் இதழ் இதழாக ஒரு ரப்பர் சக்கரம். எடுத்து வைக்கும்போது அதைக் கழற்றிப் பவுடர் போட்டுத் துணியில் சுற்றி வைப்பான். புரட்டாசியில் திரும்ப மாட்டுவான். தண்ணீர் இல்லாமல் என்ஜின் ஓடினால் ஒரு நிமிஷத்தில் அந்த இதழெல்லாம் கருகி உதிர்ந்துவிடும் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். எனக்கே மனப்பாடம் என்றால் நிலையத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லித்தானே இருப்பான்?

போன வருஷம் புரட்டாசியில் அவன் எல்லாவற்றையும் சரியாக மாட்டி, ஓட்டிப் பார்த்துத் தயாராகத்தான் வைத்திருந்தான். அதற்கு அடுத்த வாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போனோமே, நீயும் வந்தாயே, அந்தப் பெண் காபி கொண்டுவந்து முதலில் உன்னிடம் நீட்டி, எல்லோரும் சிரித்து, அண்ணன் காது சிவந்து போனானே, அன்றைக்குத்தான் இங்கே நிலையத்தில் மழைக்கால ஒத்திகை வைத்தார்கள். மேலதிகாரி வந்தார். போட்டோ பிடிக்க ஆள் வந்தது. படகு டிரெய்லர்மேல், வெயிலில், காய்ந்த தரையில் நின்றது. என்ஜின் ஓடுகிற சத்தத்தோடு வீடியோ வேண்டும் என்று கேட்டார்கள். யாரோ ஸ்டார்ட் பண்ணினார்கள். ஓஸ் பைப் இல்லை, தண்ணீர் இல்லை. வீடியோ எடுத்து முடிகிற வரைக்கும் ஓடியது. மறுநாள் அண்ணன் வேலைக்குப் போனபோது படகு இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது. அவனிடம் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் நடந்தது உனக்குத் தெரியும் என்பாய். உனக்குத் தெரிந்தது பேப்பரில் வந்தது. நான் சொல்கிறேன், ஒருதரம் கேள். விடாமல் மூன்று நாள் பெய்த மழை, அணை திறந்தாயிற்று என்று காலையில் போன் வந்தது. அக்கரையில் பம்புசெட் கொட்டகை மேல் இரண்டு குடும்பம் ஏறி நிற்கிறது என்றார்கள். அண்ணனும் டிரைவர் வேலுவும் கிளம்பினார்கள். நான் வராந்தாவில் தண்ணீர் தள்ளிக்கொண்டிருந்தேன். "சாப்ட்டு போடா" என்றேன். "வந்து சாப்புட்றேம்மா" என்றான். அவ்வளவுதான் பேசினோம். வேறு ஏதாவது பேசினோமா என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

முதல் நடையில் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து கரையில் விட்டுவிட்டான். அப்போதே என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது என்று வேலுவிடம் சொன்னானாம். கொட்டகைமேல் மிச்சம் இருந்தது புருஷன், பெண்சாதி, ஒரு கைக்குழந்தை. சுவர் ஒரு பக்கம் சரிய ஆரம்பித்துவிட்டது. "இன்னும் ஒரே நடைதான், போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்று திருப்பியிருக்கிறான். பாதி ஆற்றில் புகை வந்து என்ஜின் நின்றது. வெள்ளம் படகைச் சுழற்றிக்கொண்டு போய்த் தரைப்பாலத்துக் கல்லில் அறைந்தது. வேலு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான். மறுநாள், தண்ணீர் வடிந்த பிறகு, ரொம்ப தூரம் தள்ளி வேலிகாத்தான் முள்புதரில் உன் அண்ணனைக் கண்டெடுத்தார்கள். முகத்தை நீ பார்க்க வேண்டாம் என்று நைனா உன்னைத் தடுத்தார். நான் பார்த்தேன்.

அந்தக் கொட்டகை விழவில்லை தினேஷு. அதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாதிச் சுவரோடு அது நின்றுவிட்டது. சாயங்காலம் கயிறு கட்டி மூன்று பேரையும் இறக்கினார்கள். காரியத்தன்று அந்தப் பெண் குழந்தையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்களைப் பாத்து கை காட்னாருமா, தோ வந்துகினே கீறேன்னு கத்துனாருமா" என்று அழுதாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. நல்லா இருக்கட்டும் என்று நினைக்கத்தான் பார்த்தேன். மனசு வரவில்லை. அந்தக் குழந்தையின் கையை மெதுவாக எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். இன்றைக்கும் அந்தப் பெண்ணைப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவர்கள் மேல் எனக்கு என்ன கோபம், ஒன்றும் இல்லை. ஆனாலும் முடியவில்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. இயற்கைச் சீற்றத்தால் ஏற்பட்ட உயிரிழப்பு என்று முடித்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து வேலு வீட்டுக்கு வந்தான். நைனா பொதட்டூர்பேட்டை தறிக்குப் போயிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசப்படியிலேயே உட்கார்ந்து, "யக்கா, ஒத்திகை அன்னைக்கு சாவிய போட்டது நான்தாங்கா" என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். "தண்ணி மாட்டணும் சார்னு சொன்னேங்கா. ரெண்டு நிமிசம்தானே, போடுன்னாங்க. போட்டுட்டேன். பாஸ்கரு வந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன். திட்டுவானேன்னு பயந்துகினு நாளைக்கு நாளைக்குன்னு உட்டுட்டேன்."

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? ஒன்றும் செய்யவில்லை. அடித்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். களைந்த அரிசியை உலையில் போட்டேன். "எழுந்து போ வேலு" என்றேன். போய்விட்டான். இதுவரை நைனாவிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றால், திங்கட்கிழமை முதல் நீ அவனோடு ஒரே ஜீப்பில் உட்காரப்போகிறாய். மற்றவர் வாயிலிருந்து உனக்குத் தெரியக் கூடாது. அவனை அடிக்காதே. அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள். அவன் இப்போது யார் கண்ணையும் பார்ப்பதில்லை. என்னைக் கண்டால் துடைப்பத்தை வாங்கித் தானே பெருக்குகிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. மன்னித்துவிடு என்றும் நான் சொல்லமாட்டேன். நானே மன்னிக்கவில்லை. அவன்மேல் இருக்கிற கோபம் அவனைத் தாண்டி எங்கே போக வேண்டுமோ அங்கே போகவும் எனக்கு வழி தெரியவில்லை. போடச் சொன்ன மேலதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்கு அப்படி ஒன்றைச் சொன்னதே ஞாபகம் இருக்காது.

நைனா உன்னோடு பேசாமல் இருப்பதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நீ வேலை ஆர்டரில் கையெழுத்துப் போட்ட அன்று "ஒருத்தன வாரிக் குட்தாச்சி, இன்னொருத்தனையும் நானே கொண்டுபோய் உடணுமா?" என்றாரே, அதற்குப் பிறகு அவர் உன் பேரைச் சொல்லவே இல்லை. தறியிலிருந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. இப்போதே உன்னை இழந்தவராகப் பழகிக்கொள்கிறார், அவ்வளவுதான். நீ கையெழுத்துப் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. சென்னையில் வெயிலில் பார்சல் தூக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு அரசாங்க வேலை வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அண்ணன் இடத்தில் அண்ணன் வேலையைச் செய்யப்போகிறேன் என்று உன் மனசில் ஏதோ இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் நடந்ததைக் கேள். மழை முடிந்ததும் படகைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டார்கள். கல்லில் அடிபட்ட இடத்தை ஒட்டுப்போட்டுப் புது என்ஜின் வைத்திருக்கிறார்கள், கால் அதே கால்தான். வழக்கம்போல் தூக்கி வைத்திருந்தார்கள். "சார், அத்த எறக்கி வெக்கணும் சார்" என்று புது அதிகாரியிடம் சொன்னேன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். "ஆளு வந்துகினே கீறாரும்மா, வந்ததும் பண்ணிடுவாரு" என்றான். ஆள் என்றால் நீ. உன்னைத்தான் ஆள் என்றான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஷெட்டுக்குள் போனேன். திருப்புளி எது, எந்தத் திருகு என்பதெல்லாம் தெரியும் எனக்கு. மேல்திருகைத் திறந்தேன். தோட்டத்து மணலை ஒரு பிடி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அதை அந்த ஓட்டை வழியாகப் போட்டுவிட்டால் போதும், காலுக்குள் இருக்கிற எல்லாம் அரைபட்டுப் போய்விடும். படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் நீ ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை. அக்கரையில் யார் மாட்டிக்கொண்டால் எனக்கென்ன? அந்த நேரம் நான் அப்படித்தான் நினைத்தேன். கையில் மணலை வைத்துக்கொண்டு ஓட்டை வரைக்கும் கொண்டுபோனேன்.

அப்போதுதான் தோன்றியது, கெட்டுப்போன படகு என்றாலும் உன்னை அனுப்பத்தான் செய்வார்கள். உன் அண்ணனைக் கெட்டுப்போன படகில்தான் அனுப்பினார்கள். ஆற்றில் இறங்கிய பிறகுதான் அது கெட்டிருந்ததே தெரிந்தது. நான் மணலைப் போட்டால் அந்த மணலின் மேல்தான் நீயும் போவாய். கையிலிருந்ததை வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, முந்தானையை உதறிவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்து திருகை இறுக்கினேன். காலை இறக்க எனக்குத் தெரியாது, அதற்குப் பேட்டரி வேண்டும். தூக்கின மேனிக்கே கிடக்கிறது. நீ வந்ததும் முதலில் அதை இறக்கு. பழைய ஆயிலை எடுக்கும்போது டப்பாவில் விரலை விட்டுப் பார், ஒரு பொடி மணல்கூட நெருடக் கூடாது. நான் போடவில்லை. போடவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நீ பார்த்துவிடு.

நான் ஒருத்தி இதையெல்லாம் எழுதுவதால் என்ன ஆகிவிடப் போகிறது? நீ ஒழுங்காகத்தான் எடுத்து வைப்பாய். அவனும் ஒழுங்காகத்தான் எடுத்து வைத்தான். அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு நாள் ஊரில் இல்லை, அவ்வளவுதான். நீயும் ஒரு நாள் இல்லாமல் போவாய். உனக்கும் பெண் பார்க்கப் போக வேண்டும், காய்ச்சல் வரும், நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், உன்னிடம் யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பம்பைக் கழற்றி அந்த ரப்பர் இதழை உன் கண்ணால் பார்த்த பிறகே படகைத் தொடு. ஒரே ஒரு நாள் இல்லாமல் போயிருந்தாலும் பார்.

நீ இருக்கிற அன்றைக்கும் யாராவது வருவார்கள். டிரெய்லர்மேல் இருக்கும்போதே, குழாய் மாட்டாமல், கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணு என்பார்கள். பெரிய மனுஷராக இருப்பார், சிரித்துக்கொண்டே சொல்லுவார். சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிடு. பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. ரோட்டைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, நேராக நம் வீட்டுக்கு வா. மெமோ வரட்டும், வேலையை விட்டே எடுக்கட்டும். மலைமேல் இருக்கிறவனிடம் மற்ற தாய்மார்கள் பிள்ளைக்கு வேலை கொடு என்று கேட்கிறார்கள். நான் தினமும், என் பிள்ளைக்குச் சீக்கிரம் வேலை போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா